எல்லை மீள்நிர்ணயம்: வரைபடத்தில் கோடு போடுபவர் கையில் நமது வாக்கு

#1 கொச்சிக்கடை வாசகன்

மாகாண சபைத் தேர்தலை எந்த முறையில் நடத்துவது என்ற பேச்சு மறுபடியும் எழுந்திருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். பழைய விகிதாசார முறைக்கே திரும்புவதா, 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொகுதி எல்லைகளை வரைந்த பின், பாதி தொகுதி பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறையில் நடத்துவதா என்பதைச் சட்டத்தரணிகளும் கட்சிக்காரரும் மட்டும் பேசிக்கொண்டிருக்கின்றனர். ஒரு கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு சமூகம் சபைக்குள் இருக்கும் அல்லது வெளியே நிற்கும் என்பதால், வாக்காளர்களாகிய நாமும் இதைக் கொஞ்சம் ஆற அமரப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் 1812 இல் மசாசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெரி, தன் கட்சிக்குச் சாதகமாக வளைத்து வளைத்து வரையப்பட்ட செனட் தொகுதிகளுக்குக் கையொப்பமிட்டார். அவற்றில் ஒன்று பல்லியைப் போன்ற விலங்கின் உருவத்தில் இருந்ததாகப் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. ஜெரிமாண்டரிங் என்று உலகம் இன்று சொல்வது அதைத்தான். அதன் கணக்கை எவரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வட்டாரங்களும் ஒவ்வொன்றிலும் 1000 வாக்காளரும் உள்ள ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1800 பேர் ஒரே பக்கம் வாக்களிக்கும் ஒரு சிறுபான்மையினர். அவர்கள் வட்டாரத்துக்கு 360 பேராகச் சிதறும்படி கோடு போட்டால் அவர்களுக்கு ஒரு ஆசனமும் கிடையாது. ஒரு வட்டாரத்தில் 1000 பேரையும் எஞ்சிய நான்கில் 200 பேர் வீதமும் அடைத்தால் ஒன்று கிடைக்கும். மூன்று வட்டாரங்களில் 600 பேர் வீதம் இருக்கும்படி வரைந்தால், 36 சதவீதத்தினருக்கு ஐந்தில் மூன்று ஆசனங்கள் கிடைத்து, அவர்களே சபையை ஆளலாம். எவரும் மனம் மாறி வாக்களிக்கவில்லை, எவரும் கள்ளவாக்குப் போடவில்லை, ஆனாலும் மூன்று வேறு முடிவுகள்.

இலங்கையில் கோடுகள் இப்படி அசிங்கமாக வளைவது குறைவு. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை அடுக்கித்தான் வட்டாரங்களை உருவாக்குகிறார்கள், ஆகவே வரைபடம் பார்வைக்கு ஒழுங்காகவே தெரியும். யாரைத் தலைக்கணக்கில் சேர்ப்பது, ஒரு சபைக்குள் எத்தனை பேரை அடக்குவது, ஒரு தொகுதிக்கு எத்தனை உறுப்பினரைக் கொடுப்பது ஆகிய மூன்று இடங்களில்தான் இங்கே கை வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். மற்றவர்களும் சொல்லுங்கள்.

#2 பம்பலப்பிட்டி மாடிவீட்டார்

நல்ல தொடக்கம், ஆனால் அமெரிக்க நோய்க்கு நாம் மருந்து குடிக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குப் பிறகு பாராளுமன்றத்துக்கு 22 தேர்தல் மாவட்டங்களில் விகிதாசார முறையில்தான் வாக்களிக்கிறோம். கொழும்பு மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி போன்றது, அதற்குள் வளைப்பதற்கு எந்தக் கோடும் இல்லை. மட்டக்குளியில் இருப்பவரும் அவிசாவளையில் இருப்பவரும் ஒரே பட்டியலுக்குத்தான் புள்ளடி இடுகின்றனர்.

என்னுடைய முறைப்பாடு வேறு. மாவட்டத்துக்கே பொதுவான உறுப்பினர் என்றால் எவருக்கும் உரியவர் அல்லர் என்றுதான் பொருள். எங்கள் மாடிக் கட்டடத்துக்கு முன்னால் வடிகான் அடைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலம் தண்ணீர் நின்றது. யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரின் பெயரைச் சொன்னார்கள். வட்டாரத்துக்கு ஒருவர் என்றால் அவருடைய வீட்டு வாசலில் போய் நிற்கலாம். பட்டியலுக்குள் தனி வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர் ஒருவரையொருவர் சுவரொட்டியால் மூடிக்கொள்ளும் கேவலமும் குறையும். தொகுதி முறையை வேண்டாம் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

#3 எண்கணக்கு

தொகுதி முறை எப்படி இருந்தது என்பதை மறந்தவர்களுக்காகச் சில எண்கள். 1970 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 சதவீத வாக்குகளைப் பெற்று 17 ஆசனங்களோடு நின்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி அதைவிடச் சற்றுக் குறைவாக, 37 சதவீதமளவில் பெற்று 91 ஆசனங்களை வென்றது. ஏழு ஆண்டுகள் கழித்து 1977 இல் சக்கரம் சுழன்றது: ஐக்கிய தேசியக் கட்சிக்கு 51 சதவீதமளவில் வாக்குகளும் 168 இல் 140 ஆசனங்களும், 30 சதவீதத்துக்குக் கிட்டப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8 ஆசனங்களும் கிடைத்தன. நாடு முழுவதும் 7 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் எதிர்க்கட்சியானது, ஏனென்றால் அதன் வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்தன.

இவை எல்லாம் ஜெரிமாண்டரிங் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1970 இல் கூட்டணிக் கட்சிகள் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டு போட்டியிட்டன, ஐக்கிய தேசியக் கட்சியோ ஏறக்குறைய நாடெங்கும் நின்றது. ஒருவர் மட்டும் வெல்லும் தொகுதியில் இப்படி நடப்பது அந்த முறையின் இயல்பு. எல்லையில் விளையாடுவது இந்த இயல்பின் மேல் வேண்டுமென்றே ஏறி உட்காருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தோற்ற கட்சி எல்லாம் வரைபடத்தைக் குறை சொல்லித் தப்பித்துவிடும்.

எல்லை விளையாட்டுக்கு நமக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணம் மலேசியா. 2013 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஆளும் பாரிசான் கூட்டணி 47 சதவீத வாக்குகளுடன் 222 இல் 133 ஆசனங்களைப் பிடித்தது. எதிர்க்கூட்டணிக்கு 51 சதவீதமளவில் வாக்குகள் இருந்தும் 89 ஆசனங்கள்தாம். கிள்ளானுக்கு அருகிலுள்ள காப்பார் தொகுதியில் அப்போது 1,44,000 வாக்காளருக்கு மேல், அரசு ஊழியர்கள் நிறைந்த புத்ராஜாயாவில் 16,000 பேருக்கும் குறைவு. ஒரு புத்ராஜாயா வாக்கு ஒன்பது காப்பார் வாக்குகளுக்குச் சமம் என்றால் அங்கே தோட்டப்புறங்களிலிருந்து நகருக்கு வந்த தமிழருடைய வாக்கு என்ன பெறும் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#4 பம்பலப்பிட்டி மாடிவீட்டார்

அப்படியானால் விகிதாசார முறையில் எல்லாம் சரியாக இருக்கிறதா? 2024 இல் தேசிய மக்கள் சக்திக்கு 61.56 சதவீத வாக்குகள், 225 இல் 159 ஆசனங்கள். அது 70 சதவீதத்துக்கு மேல்.

#5 எண்கணக்கு

சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு, 22 மாவட்டங்களுக்கு 22. அதற்கு மேல் சிறிய மாவட்டங்களில் நான்கு அல்லது ஐந்து ஆசனங்களைப் பகிரும்போது சிறிய கட்சிகளின் எஞ்சிய வாக்குகள் ஆசனமாகாமல் கரைந்துபோகும். இருந்தாலும் 61 க்கு 70 என்பதையும் 51 க்கு 83 என்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வெட்டுப்புள்ளியையும், அதாவது ஆசனம் பெற ஒரு கட்சி மாவட்டத்தில் எடுக்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கு வீதத்தையும் மறந்துவிடக் கூடாது. 1978 இல் அது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதமாக இருந்தது. 1988 இல் பதினைந்தாவது திருத்தம் அதை 5 சதவீதமாக இறக்கியது. ஆட்சிக்கு வரவிருந்த பிரேமதாசாவிடம் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் பேசிப் பெற்றுக்கொண்டது என்று அந்தத் திருத்தம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஒரு மாவட்டத்தில் 10 சதவீத வாக்கு வைத்திருக்கும் சிறுபான்மைக் கட்சிக்கு, எந்தக் கோட்டையும் வரையாமலே கதவைச் சாத்தவும் திறக்கவும் அந்த ஒரு எண் போதும்.

#6 மலைத்தேன்

நான் கொழும்பில் வேலை செய்தாலும் வாக்கு அக்கரப்பத்தனையில்தான். யாரைத் தலைக்கணக்கில் சேர்ப்பது என்று முதல் பதிவில் ஐயா குறிப்பிட்டதற்கு மலையகத்தைவிடப் பெரிய சான்று உலகத்திலேயே இருக்குமா என்பது சந்தேகம்.

சோல்பரி அரசியலமைப்பில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஒரு ஆசனமும், அதோடு 1000 சதுர மைல் பரப்புக்கு ஒரு ஆசனமும் என்று விதி இருந்தது. பரப்புக்குக் கொடுத்தது மக்கள் அடர்த்தி குறைந்த வடக்கு, கிழக்கு போன்ற மாகாணங்களுக்கு ஈடு செய்யும் நோக்கத்தோடு என்று சொல்லப்பட்டது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது, நுவரெலியாவில் மலையகத் தலைவர் தொண்டமான் வென்றார். அடுத்த ஆண்டு, தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்த 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949 இல் தேர்தல் சட்டத் திருத்தம் எங்கள் பாட்டன் பாட்டிகளின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டது. 1952 இல் காங்கிரசுக்கு ஒரு ஆசனமும் இல்லை.

எல்லாருக்கும் தெரிந்த கதை இதுவரைதான். இதற்குப் பின்னால் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஆசனங்களைக் கணக்கிடுவதற்கு வாக்காளர்களை அல்ல, மாகாணத்தில் வசிக்கும் ஆட்களை எண்ணினார்கள். வாக்கு இல்லாத தோட்டத் தொழிலாளி அந்தக் கணக்கில் ஒரு ஆள். அவருடைய தலைக்காக மலைநாட்டுக்குக் கிடைத்த ஆசனத்தை, அவர் வாக்களிக்க முடியாமல், பக்கத்துக் கிராமத்துக்காரர் மட்டும் வாக்களித்து நிரப்பினார். 1959 ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தில் தெரிவு செய்யப்படும் உறுப்பினர் தொகை 151 ஆக உயர்ந்தபோதும் தலைகளை எண்ணும் முறை மாறவில்லை. வரைபடத்தில் ஒரு கோட்டையும் வளைக்காமல் ஒரு சமூகத்தின் எண்ணிக்கையை இன்னொரு சமூகத்தின் பலமாக மாற்றியதை எந்தப் பெயரால் அழைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது விஷயம் சபையின் அளவு. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தனர். நாட்டின் வேறு பகுதிகளில் இருபதாயிரம், முப்பதாயிரம் பேருக்கே ஒரு பிரதேச சபை உண்டு. ஒரு தவிசாளர், ஒரு செயலாளர், ஒரு சில டிராக்டர்கள், அவற்றை வைத்துக்கொண்டு இரண்டு இலட்சம் பேருக்குத் தெருவிளக்கும் குப்பையும் தண்ணீரும். எங்கள் தோட்டத்திலிருந்து சபை அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்று அம்மா சொல்வார், வேலைக்கு வந்ததாகப் பெயர் போடாத நாளுக்குக் கூலி இல்லை அல்லவா. 2018 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்புதான் அந்த இரண்டையும் ஆறாகப் பிரித்தார்கள்: நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று நான்கு புதிய சபைகள் வந்தன. அந்தக் கோடுகளை வரைய மூன்று தசாப்தம் பிடித்தது. அதுவரை வரையாமல் விட்டதும் ஒரு தீர்மானம்தானே.

#7 இணுவிலான்

யாழ்ப்பாணத்தின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்டங்களுக்கான ஆசனங்கள் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையைக் கொண்டு பங்கிடப்படுகின்றன. 2010 இல் ஒன்பது ஆசனங்கள், 2015 இல் ஏழு, 2024 இல் ஆறு. போரில் போனவர்களும் கடல் கடந்து போனவர்களும் இடாப்பிலிருந்தும் போய்விட்டார்கள். மலையகத்தில் ஆளை எண்ணி வாக்கைப் பறித்தார்கள், எங்களுக்கு ஆளே இல்லாமல் போனது.

ஆனால் 2024 இல் யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி நான்கில் ஒரு பங்கு வாக்குகளுடன் ஆறில் மூன்று ஆசனங்களை எடுத்ததற்கு எல்லை நிர்ணய ஆணைக்குழுவைக் குறை சொல்ல முடியாது. தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குப் பட்டியல்களைப் போட்டன. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி நின்ற சைக்கிள் சின்னத்துக்கு ஒன்று, ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. வேறொருவர் வந்து சிதறடிக்க வேண்டிய வாக்குகளை நாங்களே சிதறடித்துக்கொண்டோம்.

#8 கல்முனைக்குடி நானா

இருபது வருடமாகக் கொழும்பில் வியாபாரம் செய்கிறேன், இருந்தாலும் பேச்சு எல்லை என்று வந்தால் மனம் ஊருக்குப் போய்விடும். கிழக்கில் எல்லைப் பிரச்சினை என்பது தேர்தல் காலத்து விஷயம் அல்ல, அது அன்றாடச் சோறு. அம்பாறை மாவட்டம் 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது, 1976 ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தில் திருகோணமலை மாவட்டத்தில் சேருவில என்ற தொகுதி உருவாக்கப்பட்டது. சிங்களக் குடியேற்றம் முதலில் வந்தது, அதற்கு ஏற்ற கோடு பின்னால் வந்தது. இதைத் தமிழ் சகோதரர்களும் நாங்களும் சேர்ந்தே பார்த்தோம்.

எங்களுக்கிடையிலும் கோடு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. தமிழர் கேட்கும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் தரமுயர்வு இன்னும் தீராத வழக்கு. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, ஒரு வாரத்துக்குள் அது நிறுத்தப்பட்டது. ஒரு கையொப்பத்தில் சபை பிறக்கவும் இன்னொரு கையொப்பத்தில் மறையவும் முடியுமென்றால் அங்கே எல்லையைத் தீர்மானிப்பது ஆணைக்குழுவா, அமைச்சர் மேசையா?

வடக்கு கிழக்குக்கு வெளியே நிலைமை இன்னும் சிக்கல். இந்த நாட்டு முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேதான், கடைத்தெருக்களிலும் சிறிய ஊர்களிலும் சிதறி வாழ்கிறார்கள். ஒருவர் மட்டும் வெல்லும் தொகுதியாக எதைப் பிரித்தாலும் அவர்கள் எங்கும் பெரும்பான்மை ஆக மாட்டார்கள். 2017 ஆம் ஆண்டு மாகாண சபைச் சட்டத்தின்படி அமைந்த எல்லை நிர்ணயக் குழுவில் இருந்த பேராதனைப் பேராசிரியர் ஹஸ்புல்லாஹ், அறிக்கையோடு உடன்படாமல் தன் மாற்றுக் கருத்தைத் தனியாக எழுதிக் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். அவர் புவியியலாளர், வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்.

#9 கொச்சிக்கடை வாசகன்

நானாவின் கேள்விக்கு விடை கொழும்பிலேயே ஒரு காலத்தில் இருந்தது. நான் மூன்றாவதாகக் குறிப்பிட்ட, தொகுதிக்கு எத்தனை உறுப்பினர் என்ற விஷயம் இதுதான், இந்த இழையைத் தொடங்கியதும் முக்கியமாக இதற்காகத்தான்.

1947 இல் கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர் தொகுதி. தொழிலாளர் தலைவர் குணசிங்கவும், ஐக்கிய தேசியக் கட்சியின் ரி.பி. ஜாயாவும், கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமனும் ஒரே தொகுதியிலிருந்து ஒரே நாளில் தெரிவானார்கள். ஒரு சிங்களவர், ஒரு மலாயர், ஒரு பறங்கியர். எந்தச் சமூகத்துக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத நகரத்துக்கு அது பொருந்தியது. வாக்காளருக்கு மூன்று வாக்குகள், அவற்றைப் பிரித்தும் கொடுக்கலாம், மூன்றையும் ஒருவருக்கே சேர்த்தும் கொடுக்கலாம். சிறுபான்மையினர் தம் வாக்குகளை ஒருவரிடம் குவித்தால், கோடு எப்படி விழுந்திருந்தாலும் அவர்களில் ஒருவர் உள்ளே வந்துவிடுவார். 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் காமினி திசாநாயக்கவும் அநுர பண்டாரநாயக்கவும் முதலிரு இடங்களைப் பிடித்தபோது மூன்றாமவராகத் தொண்டமான் பாராளுமன்றத்துக்குப் போனதும் இந்த ஏற்பாட்டினால்தான். முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அவர் தேர்தலில் வென்று போனதற்கு வழி விட்டது ஒற்றை அங்கத்தவர் தொகுதி அல்ல.

இப்போது உள்ளூராட்சிச் சட்டத்தைப் பாருங்கள். கலப்பு முறையில் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல். சமூகங்கள் கலந்து வாழும் இடங்களுக்காக இரட்டை அங்கத்தவர், மூன்று அங்கத்தவர் வட்டாரங்களும் உண்டு என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வாக்குச்சீட்டில் நமக்கு ஒரே ஒரு வாக்கு, அதுவும் கட்சிக்கு. எந்தக் கட்சி முதலாவதாக வருகிறதோ அந்தக் கட்சியின் இரண்டு வேட்பாளரும் அல்லது மூவரும் மொத்தமாக உள்ளே போகிறார்கள். பழைய ஏற்பாட்டின் பெயர் இருக்கிறது, அது செய்த வேலை இல்லை. ஒரு வட்டாரத்தில் 45 சதவீதமானவர்கள் வேறு பக்கம் நின்றாலும் அந்த வட்டாரத்தின் ஆசனங்களில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. சிறுபான்மையினரைக் காப்பாற்றுவதற்கென்று வைக்கப்பட்ட ஒரு கருவியே முதலிடக் கட்சியின் வெற்றியை இரட்டிப்பாக்குகிறது.

எங்கள் பக்கத்தில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கொழும்பு வடக்கில் நாங்கள் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில், ஒரே பைப்படியில் தண்ணீர் பிடிக்கும் நாற்பது ஐம்பது குடும்பங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருப்பர். பைப் உடைந்தால் மூன்று மொழிபேசும் பெண்களும் ஒன்றாகத்தான் போய் முறையிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தை இனத்தை வைத்து மூன்று ஒற்றை வட்டாரங்களாக நறுக்குவது நடக்காது, நடக்கவும் கூடாது. மூன்று உறுப்பினரைக் கொடுத்து, ஆளைப் பார்த்து வாக்களிக்கவும் விட்டால் அந்த மூவரும் எப்படியிருப்பார்கள் என்பதைத் தோட்டமே பார்த்துக்கொள்ளும்.

#10 பம்பலப்பிட்டி மாடிவீட்டார்

மூன்று வாக்கு என்றால் பழுதான வாக்குகள் கூடும், கட்சிக்காரர் வாக்குகளைப் பங்கு போட்டுச் சொல்லித் தருவார்கள், பழையபடி ஒரே கட்சிக்குள் சண்டை வரும். நான் விருப்பு வாக்கிலிருந்து தப்பித்துக்கொள்ளத்தான் வட்டாரத்தைக் கேட்டேன். இருந்தாலும், முதலிடக் கட்சிக்கே எல்லா ஆசனமும் என்பதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. பட்டியலில் வரும் 40 சதவீதம் அதைச் சரிசெய்துவிடும் என்பதுதானே சட்டத்தின் எண்ணம்?

#11 எண்கணக்கு

கட்சிகளின் தொகையை அது சரிசெய்துவிடும், அதில் சந்தேகமில்லை. சபை முழுவதிலும் ஒரு கட்சி பெற்ற வாக்குகளுக்கு எத்தனை ஆசனம் என்று முதலில் கணக்கிட்டு, அதிலிருந்து அந்தக் கட்சி வென்ற வட்டாரங்களைக் கழித்து, மிச்சத்தைப் பட்டியலில் கொடுக்கிறார்கள். 2025 மே மாதம் கொழும்பு மாநகர சபையில் தேசிய மக்கள் சக்தி பெரும்பாலான வட்டாரங்களை வென்றும் 117 இல் 48 ஆசனங்களோடு நின்றது அதனால்தான். மேயர் தெரிவில் 61 க்கு 54 என்று வெல்வதற்கு அது மற்றவர்களின் ஆதரவைத் தேட வேண்டியிருந்தது. வெறும் வட்டார முறையாக இருந்திருந்தால் அந்தக் கட்சி தனியாகவே சபையை நடத்தியிருக்கும். எனவே கலப்பு முறையில் எல்லையை வளைப்பதால் கட்சிக்குக் கிடைக்கும் இலாபம் குறைவு.

ஆனால் பட்டியலில் யாரை நியமிப்பது என்பதைக் கட்சிச் செயலாளர் தீர்மானிக்கிறார். வட்டாரத்தில் தோற்ற சமூகத்தவரைத்தான் பட்டியலில் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கட்சிகளுக்கிடையில் நியாயம் இருக்கும், மக்களுக்கிடையில் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. இந்த முறையின் இன்னொரு விளைவு, நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர் தொகை நாலாயிரத்து ஐந்நூறு அளவிலிருந்து எட்டாயிரத்துக்கு மேல் உயர்ந்தது. அவர்களுக்கு உட்காரக் கதிரை இல்லாத சபைகளும் இருந்தன.

#12 சட்டப் புத்தகம்

கோட்டை யார் வரைகிறார்கள் என்பதைவிட அதை யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது முக்கியம். வட அயர்லாந்தின் டெரி நகரில் கத்தோலிக்கர் தெளிவான பெரும்பான்மை. இருந்தும், 1930களில் வரையப்பட்ட மூன்று வட்டாரங்களின் துணையோடு, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய, பெரும்பாலும் புரொட்டஸ்டாந்தரான யூனியனிஸ்டுகள் 12 க்கு 8 என்று மாநகர சபையை வைத்திருந்தார்கள். பெரிய தெற்கு வட்டாரத்துக்குள் கத்தோலிக்கரை அடைத்து, மற்ற இரண்டிலும் குறைந்த பெரும்பான்மையோடு வெல்வது அந்த ஏற்பாடு. அந்தச் சபை 1969 இல் கலைக்கப்படும்வரை அதைத் திருத்தும் அதிகாரம் அதனால் இலாபம் அடைந்தவர்களிடமே இருந்தது.

அமெரிக்காவில் 2019 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 5 க்கு 4 என்ற பெரும்பான்மையில், கட்சி நோக்கத்தோடு வரையப்பட்ட எல்லைகளை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வட கரோலினாவில் குடியரசுக் கட்சி வரைந்ததும் மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி வரைந்ததும் ஒரே வழக்கில் இருந்தன. இதில் புனிதமான கட்சி எதுவும் இல்லை. விஸ்கான்சினில் 2018 இல் சுமார் 53 சதவீத வாக்குகளைப் பெற்ற ஜனநாயகக் கட்சிக்கு எதிராகக் குடியரசுக் கட்சி 99 இல் 63 ஆசனங்களை எடுத்தது.

நம்முடைய மாகாண சபைக் கதை இதற்கு நேர்மாறானது. 2017 செப்டெம்பரில், பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்காக வந்த சட்டமூலம் குழுநிலையில் திருத்தப்பட்டு, பாதி தொகுதி பாதி விகிதாசாரம் என்ற புதிய முறையாக வெளியே வந்தது. முன்னாள் நில அளவையாளர் நாயகம் தவலிங்கம் தலைமையிலான குழு எல்லைகளை வரைந்து கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24 அன்று பாராளுமன்றத்தில் அந்த அறிக்கைக்கு எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். சட்டப்படி பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் முடிவு தந்திருக்க வேண்டும், தரவில்லை. வரைபடம் இல்லை, ஆகவே தேர்தல் இல்லை, ஆகவே ஒன்பது மாகாணங்களையும் ஆளுநர்கள் நடத்துகிறார்கள். வளைந்த கோடு ஒரு கட்சியின் ஆசனங்களைக் கூட்டும் குறைக்கும். வரையப்படாத கோடு சபையையே இல்லாமல் செய்திருக்கிறது, மலைத்தேன் சொன்னதும் இதைப் போன்றதுதான்.

#13 கொச்சிக்கடை வாசகன்

எல்லை மீள்நிர்ணயத்துக்கு மறுபடி ஒரு குழு அமைந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்டால் ஒரு மகஜர் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பல அங்கத்தவர் வட்டாரம் என்றால் வாக்காளருக்கும் அத்தனை வாக்குகள், அவற்றை ஆளுக்குக் கொடுக்கும் உரிமையோடு என்று எழுதுவேன். குழு தரும் வரைபடத்தை அமைச்சர் தன்னிச்சையாக மாற்றவோ கிடப்பில் போடவோ முடியாதபடி கால எல்லை வேண்டும் என்றும் எழுதுவேன். அடுத்ததுதான் எனக்கே முழுவதும் தெளிவாக இல்லை: கோடு போடும்போது இன, மதப் புள்ளிவிபரங்களைக் கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாகக் குழுவின் முன் வைக்கச் சொல்வதா?

#14 சட்டப் புத்தகம்

வைக்க வேண்டும். 1946 ஆம் ஆண்டு ஆணையிலேயே, இனம் மதம் முதலியவற்றால் நலன்கள் ஒன்றுபடும் அல்லது வேறுபடும் இடங்களைக் கருத்தில் கொண்டு தொகுதியைப் பிரிக்க ஆணைக்குழுவுக்கு அனுமதி இருந்தது. பல அங்கத்தவர் தொகுதிகள் பிறந்ததே அந்த வாசகத்திலிருந்துதான். புள்ளிவிபரத்தை மறைத்து வரைந்தால் நியாயம் வந்துவிடாது. கட்சிக்காரரிடம் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கும், குழுவிடமும் நம்மிடமும்தான் இருக்காது.

#15 பம்பலப்பிட்டி மாடிவீட்டார்

இதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிவுவாரியாக இத்தனை தமிழர், இத்தனை முஸ்லிம்கள், இத்தனை சிங்களவர் என்று பட்டியல் போட்டுப் பகிரங்கமாக வைப்பதை இந்த நாட்டில் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. 1983 இல் எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளைத் தேடினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். குழுவுக்குக் கொடுக்கலாம், பகிரங்கப்படுத்தக் கூடாது.

#16 மலைத்தேன்

மாடிவீட்டு அண்ணாவின் அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் குழுவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு என்றால், குழு தவறாக வரைந்தபோது அதைச் சுட்டிக்காட்ட நம் கையில் என்ன இருக்கும்? வட்டாரவாரியான மொத்தத்தை மட்டும் வெளியிட்டு, பிரிவுவாரி எண்ணைக் குழுவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் யோசனை. நாளை மாலைக்குள் மகஜரின் அந்தப் பந்தியை எழுதி இங்கே போடுகிறேன். நானாவும் இணுவிலானும் தத்தம் மாவட்டத்துக்கு அது பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.